தறிக் கொட்டகையில் எடுத்த பாட்டு

நம் சங்கத்து மலருக்கு நீயும் ஏதாவது எழுது என்றார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்து என் தொழில் இல்லை, சத்தம்தான் என் தொழில். மைக் செட்டில் ஆரம்பித்தேன். திருத்தணியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ரூம் வரைக்கும் வந்தேன். இப்போது வலது காது மந்தம். ரூமை வேறு ஆளிடம் விட்டுவிட்டேன்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு இது. எந்த ஒயரை எதில் சொருகுவது என்று எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. "அண்ணா, சம்கி செட்டோட முதல் பாட்டை எடுத்தது நீங்கதானாமே? நடுவுல நின்னுட்டுக் கிளம்புமே, அது எப்டிண்ணா யோசிச்சீங்க?"

யோசிக்கவில்லை. நடந்தது. அதைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒருவரைச் சொல்ல வேண்டும். சென்னையில் நான் வேலை பழகிய ஸ்டூடியோவில் ஓர் இன்ஜினியர் இருந்தார். பேர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. ஒருநாள் வயலின் வாசித்துக்கொண்டிருந்தவருக்கு நடுவில் இருமல் வந்துவிட்டது. டேப் ஓட்டிக்கொண்டிருந்தவன் உடனே நிறுத்தினான். வாசித்தவர் அதைக் கவனிக்கவில்லை. இருமிவிட்டுத் தொடர்ந்தார். அன்றைக்கு அவர் வாசித்ததிலேயே நல்ல இடம் இருமலுக்குப் பிறகு வந்ததுதான். அது டேப்பில் இல்லை. இன்ஜினியர் திட்டவில்லை. எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "சிவப்பு லைட்டு எரிஞ்சா உங்க கை ரெண்டும் மடியில இருக்கணும்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ரெக்கார்டிங் ஓடும்போது என்னைப் பார்த்தவர்கள், இந்த ஆள் ஏன் ஜெபம் செய்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டிருக்கிறார்கள்.

என் ரூம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் முருகன் பாட்டு. டிசம்பரில் சர்ச் பாட்டு. மற்ற மாதங்களில் துணிக்கடை விளம்பரம். ஒரு விஷயத்தில் எனக்குப் பேர் உண்டு. சத்தமில்லாமல் எடுப்பேன். சுவரெல்லாம் மெத்தை, கதவுக்கு ரெண்டு கம்பளி. கீழே திருப்பதி பஸ் ஆரன் அடித்தால் மேலே கேட்காது. "அவர் ரூம்ல ஈ பறந்தா அதுக்கே கூச்சமா இருக்கும்" என்று சொல்வார்கள்.

அந்த ரூமுக்குத்தான் ஒருநாள் காலையில், பின்னால் சம்கி செட் என்று பேர் வாங்கிய அந்த மூன்று பேர் வந்தார்கள்.

கதவைத் திறந்தேன். நடுவில் நின்றவன் உதட்டில் சிவப்புச் சாயம். கண்ணுக்கு மை. சம்கி வைத்துத் தைத்த மேல்சட்டை. கட்டம் போட்ட லுங்கித் துணியில் பேண்ட். காலில் குதிகால் உயர்ந்த பெண்கள் செருப்பு. அவனுக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் பாதி முகத்துக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்துக்கொண்டு கிடாரோடு நின்றான். அந்தப் பக்கம் ஒரு பெண். தலை முழுக்க ஜிகினா. கையில் ட்ரம் குச்சி.

"கூத்துக்காரங்க ஆபீஸ் இது இல்லை தம்பி" என்றேன்.

"தெரியுங்க. ரெக்கார்டிங் ரூம்னு போர்டு கீதே" என்றான் நடுவில் நின்றவன்.

அவன் டேனியல். தலைமுறையாக சர்ச் குடும்பம். சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருந்தவன். ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"முதல்ல என்னைக் கடைசி வரிசையில நிக்கச் சொன்னாங்க. அப்பவும் என் குரல்தான் கேட்டுது. அப்புறம் வாசல்ல நிக்கச் சொன்னாங்க. அப்பவும் நான்தாங்க."

வெள்ளிப் பெயிண்ட்காரன் பாபு. ஆர்.கே.பேட்டை. அந்தப் பெண் ஜோதி. பொதட்டூர்பேட்டையில் வீட்டோடு சேர்ந்த பவர்லூம் கொட்டகை. பகலில் தறி ஓட்டுவாள். பாபு அவளுக்கு முறை. பாவா என்று கூப்பிட்டுக்கொண்டே அவனை அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

விஷயம் இதுதான். சென்னையில் ஓர் அரங்கில் புதுக் குழுக்களுக்கு மேடை தருகிறார்கள். மாதிரிக்கு ஒரு பாட்டு அனுப்ப வேண்டும். அன்று சாயங்காலம் ஆறு மணியோடு முடிகிறது.

"இத்தினி நாளு இன்னா பண்ணீங்க?"

"வேஷத்துக்குத் துணி தச்சுக்கினு இருந்தோம்" என்றான் பாபு.

"பாட்டு காதுலதானே போவுது. வேஷம் எதுக்கு இன்னைக்கு?"

டேனியல் யோசித்தான். "வேஷம் போடாம கத்தினா வெக்கமா கீதுங்க" என்றான்.

சரியான பதில். மேலே கேட்கவில்லை. குட்டியானை வண்டியில் வந்த ட்ரம்மை மாடிக்கு ஏற்றினோம். ஏற்றும்போது ஜோதி சொன்னாள். "இதுல வரலைன்னா இந்த ட்ரம்மு திரும்ப எங்க கொட்டகைக்குள்ள போவாதுங்க."

"ஏன்?"

"மூணாவது தறி வந்து வாசல்ல கீது. நாளைக்குக் காலையில பிட்டிங்கு. ட்ரம்மு இருக்கிற எடத்துலதான் போடணும். வேற எடம் இல்லை. மெட்ராஸ்ல எடுத்துக்கினா ட்ரம்மு, இல்லைன்னா தறின்னு நைனா சொல்லிட்டாரு."

"கோவக்காரரா?"

"ஐயே, இல்லைங்க. பாட்டெல்லாம் ரொம்பப் பிடிக்கும். எடம்தான் இல்லை."

ட்ரம் வைக்க வேறு வீடு கிடையாது. வாசிக்க வேறு ஊர் கிடையாது. தறிச் சத்தத்தோடு சத்தமாக இருப்பதால்தான் அங்கே யாரும் சண்டைக்கு வரவில்லை. ட்ரம் போனால் குழுவும் போயிற்று. மூன்று பேர் முகத்திலும் பெயிண்டுக்கு அடியில் அது தெரிந்தது.

ஆரம்பித்தோம். பாட்டு, நிற்காமல் போகிற டவுன் பஸ்ஸைப் பற்றி. "நிக்காத பஸ்ஸே, உன் நெம்பரைக் குறிச்சுக்கினேன்" என்று எடுப்பு. வார்த்தை நன்றாக இருந்தது. குரல், சர்ச்சில் ஏன் வெளியே நிற்க வைத்தார்கள் என்று புரிந்தது.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. அதாவது, காலில் நிற்கவில்லை. பாபு ஒரு பக்கம் போனான், ஜோதி ஒரு பக்கம் போனாள். டேனியல் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். திருவிழாவில் ஆளுக்கொரு பக்கம் கையை இழுக்கிற குழந்தை மாதிரி இருந்தது.

மறுபடி எடுத்தோம். மறுபடி. மதியம் ஆகிவிட்டது.

ஒரு வேடிக்கையும் நடந்தது. தப்பு வந்தால் எல்லோரும் முதலிலிருந்து பாடுவார்கள். இவர்கள் தப்பு வந்த இடத்தில் நிற்பார்கள், அதே இடத்திலிருந்து கிளம்புவார்கள். எனக்கு எரிச்சல்.

"முதல்லேர்ந்து எடும்மா."

"ஏங்க? நூலு அறுந்தா முதல்லேர்ந்தா நெய்வாங்க?" என்றாள் ஜோதி.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரம் போகிறதே என்ற கவலை. காதுக்கு டிக் டிக் என்று தாளம் கொடுத்துப் பார்த்தேன். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள்.

"கடியாரம் பக்கத்துல படுத்த மாரி கீதுங்க. தூக்கம்தான் வருது."

நான் ஹெட்போனை மேசையில் வைத்தேன். "வீட்ல எப்டி வாசிப்பீங்களோ அப்டியே வாசிங்களேன்" என்றேன்.

"வீட்ல தறி ஓடுங்க" என்றாள் அவள்.

ரூமில் ஈ கூடப் பறக்கவில்லை.

"எப்பவுமா?"

"தறி நிறுத்தமாட்டோம். அது ஓடும், நாங்க அது கூட வாசிப்போம். இங்க ஒண்ணுமே கேக்கலைங்க. காதுல பஞ்சு வெச்ச மாரி கீது. எதைப் பிடிச்சுக்கினு வாசிக்கிறது?"

மூன்று பேரும் இதுவரை ஒரு பாட்டைக்கூடத் தறிச் சத்தம் இல்லாமல் வாசித்ததே இல்லை. அது ஒரு குறை என்றே அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் வாழ்நாளெல்லாம் மெத்தை ஒட்டிச் சம்பாதித்த பேர் அவர்கள் காலை வாரிவிட்டது.

மணி ரெண்டரை. இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணத்தை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடலாம். கிடைத்ததை வெட்டி ஒட்டி ஒப்பேற்றலாம். எனக்கு ரெண்டும் பிடிக்கவில்லை. "வண்டி கீழ நிக்குதா?" என்று கேட்டேன்.

குட்டியானையில் பின்னால் ட்ரம், மூன்று பேர், என் பெட்டி. நான் முன்னால். வழியில் டீக்கு நிறுத்தினோம். கடைக்கார அம்மா டேனியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"எந்த ஊர்ல கூத்து?"

"பொதட்டூர்பேட்டையில."

"ராத்திரிதானே? இப்பவே ஏன் கட்டிக்கினு போற?"

"பழகிக்கினு போறேன்" என்றான். செருப்பு குதிகால் மண்ணில் புதைந்து அவன் சாய்ந்தான். அந்த அம்மா ஒரு முறுக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "பத்தரமா போ தாயி" என்றார். வண்டி முழுக்கச் சிரிப்பு. டேனியலும் சிரித்தான். முறுக்கை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஜோதியின் வீட்டு வாசலில் அந்த மூன்றாவது தறி தார்ப்பாய் போட்டுக் கிடந்தது. உள்ளே போக வேண்டுமென்றால் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். மூன்று பேரும் அதைப் பார்க்காத மாதிரி சுற்றிப் போனார்கள்.

உள்ளே ரெண்டு தறி. ஒன்றில் பாவு நூல் தீர்ந்து சும்மா நின்றது. மற்றது ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜோதியின் அப்பா. தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒல்லியான மனுஷன். சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, சாதாரணமாகப் பேசினாலே கத்துவது போல இருக்கும்.

"ஆச்சா? எடுத்துக்கினாங்களா?"

"இனிமேதான் நைனா. இங்கதான் எடுக்கணும்."

"இங்கயா? தறியை நிறுத்த முடியாதே. நாளைக்குச் சரக்கு ஏத்தணும்."

"நிறுத்த வோணாம். ஓட்டுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "இவுரு ரெக்கார்டிங் ஆளுதானா?" என்று கேட்டார்.

ட்ரம்மை அதன் இடத்தில் வைத்தோம். தறிக்கும் ட்ரம்முக்கும் நடுவில் மேலே உத்தரத்தில் மைக்கைக் கட்டினேன். டேனியலுக்குத் தனியாக ஒன்று. ஜோதி உட்கார்ந்தாள். குச்சியை எடுத்தாள். தறியைப் பார்த்தாள், அவ்வளவுதான். தறி போய் வருகிற சத்தத்துக்குள் அவள் கால் போய் உட்கார்ந்துகொண்டது. பாபு அதன் மேல் ஏறினான். டேனியல் வாயைத் திறந்தான்.

காலையிலிருந்து நான் கேட்டவர்கள் இவர்கள் இல்லை. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பாட்டு பாதிக்கு மேல் போய்விட்டது. பஸ் நிற்காமல் போக, அதன் பின்னால் அவன் ஓடுகிற இடம். அப்போது தறியில் நூல் அறுந்தது. குறுக்கே ஓடுகிற நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். டக் என்று நின்றது.

ஜோதியின் குச்சி அந்தரத்தில் நின்றது. பாபுவின் கை கம்பி மேல் அமுங்கி நின்றது. டேனியல் திறந்த வாயோடு நின்றான். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் தறியைப் பார்த்தார்கள். அந்தக் கொட்டகையில் அதுதான் வழக்கம். நூல் அறுந்தால் எல்லாம் நிற்கும். நூலைச் சேர்த்தால் எல்லாம் கிளம்பும்.

"ஏய், அறுந்துச்சி! இரு இரு!" என்று நைனா கத்தினார்.

போயிற்று என்று நினைத்தேன். மணி அஞ்சைத் தாண்டியாயிற்று. நல்லதாக ஒன்று வந்தது, அதுவும் போயிற்று. நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கலாம் என்று கை தானாகப் பெட்டிப் பக்கம் போனது. பாதி வழியில் எனக்கு அந்த இன்ஜினியர் ஞாபகம் வரவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஞாபகம் வந்தது ஜோதி சொன்னது. அறுந்தால் முதலிலிருந்தா நெய்வார்கள்? கையைத் திருப்பி மடியில் வைத்தேன்.

அமைதி. தூரத்தில் அடுத்த தெருத் தறிகள் மட்டும் லேசாகக் கேட்டன. நைனா குனிந்து நூலைத் தேடினார். பொறுமையாகத்தான் தேடினார். அவருக்கு என்ன அவசரம்? டேனியலின் செருப்புக் குதிகால் ஒருமுறை தரையில் தட்டியது. நான் மூச்சு விடவில்லை.

நைனா நிமிர்ந்தார். கைப்பிடியில் கை வைத்தார்.

"ஆங்... போ!"

தறி அடித்த முதல் அடியில் மூன்று பேரும் விழுந்தார்கள். ஒரே அடி. பஸ் கிளம்பியது என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் பாடியதைவிட ரெண்டு மடங்கு பாடினான் அவன். ஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். ஜிகினா உதிர்ந்து தறியில் ஓடுகிற துணி மேல் விழுந்தது.

முடிந்தது. பாபுதான் முதலில் பேசினான்.

"வேஸ்டா பூட்ச்சிங்களா? திருப்பி எடுக்கலாமா?"

"எடுக்கலாம்" என்றேன். இதையும் சொல்லிவிடுகிறேன். கையில் நல்லது இருக்கிறது என்று தெரிந்தாலும், கேட்கிறவர்களுக்கு இன்னொன்று எடுத்துக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க அந்த எடுக்காத பாட்டுத்தான் நன்றாக இருந்திருக்கும்.

எடுத்தோம். நூல் அறுந்துபோகவில்லை. ஒரு தப்பும் இல்லை. சுத்தமாக வந்தது.

எதை அனுப்புவது? ரெண்டையும் போட்டுக் கேட்கலாம் என்றால் தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நைனா எங்களைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். தறியை நிறுத்தினார்.

பகல் நேரத்தில் அந்தத் தறி இப்படி நின்றதே இல்லை போல. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்தார்.

"நைனா! யாருக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவலை. பாட்டு கேக்கிறோம்."

"பாட்டு கேக்கவா தறியை நிறுத்தினே?" என்று அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரும் கேட்டார்.

சுத்தமாக வந்ததை முதலில் போட்டேன். நைனா தலையை ஆட்டினார். "நல்லா கீது." பிறகு நின்று கிளம்பியதைப் போட்டேன். அவர் குரல் வந்தபோது திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். "ஆங், போ" வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா கைதட்டினார்.

டேனியலுக்கு மனசில்லை. "நடுவுல நைனா கத்துறாருங்க. மெட்ராஸ்காரங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. உன் பேண்டைப் பார்த்தா மட்டும் அழுவாங்களா?" என்றாள் ஜோதி.

"பாவா, நீ சொல்லேன்" என்று பாபுவைப் பார்த்தாள். பாபு என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பாட்டு அவர்களுடையது.

நைனாதான் முடிவு சொன்னார். "இதுலதான் நான் கீறேன். இதையே அனுப்பு."

அனுப்பினோம். ஆறுக்குச் சில நிமிஷம் இருந்தது. உட்கார்ந்து டீ குடித்தோம். டேனியல் முறுக்கை எடுத்துக் கடைசியில் எல்லோருக்கும் உடைத்துக் கொடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் சென்னையிலிருந்து போன். ஒரு மேடம். மரியாதையாகப் பேசினார். "பாட்டு நல்லா இருக்கு சார். பின்னாடி ஏதோ மெஷின் சத்தம் வருது. அதை மட்டும் எடுத்துட்டு அனுப்ப முடியுமா?"

எல்லோர் கண்ணும் என் மேல். முடியும். அதற்குத்தான் பெட்டியில் ஒரு பித்தான் இருக்கிறது. எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் அந்த வேலைதான். கொஞ்சம் இருங்க மேடம் என்று சொல்லி, சின்னத் துண்டு ஒன்றில் போட்டுப் பார்த்தேன். தறி போயிற்று. கூடவே ஜோதியின் கால் போயிற்று. பாபு அந்தரத்தில் தொங்கினான். காலையில் என் ரூமில் கேட்ட அதே மூன்று பேர் திரும்ப வந்துவிட்டார்கள்.

"எடுக்க முடியாதுங்க" என்றேன்.

"டெக்னிக்கலா முடியாதா?"

"இல்லைங்க மேடம். அதுவும் வாசிக்குது. அதை எடுத்தா ஆள் கொறையுது."

"மறுபடி கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

டேனியல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். "எடுத்துக் குடுத்திருக்கலாமேங்க" என்றான். கோபமாக இல்லை. மூடி வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசி டவுன் பஸ் ஏறினேன். அது நின்றது.

அந்த இடம்தான் நம் தொழிலில் கஷ்டமான இடம், தம்பி. பித்தான் இருக்கிறது. கேட்கிற ஆள் பெரிய ஆள். அமுக்கினால் எல்லோருக்கும் சந்தோஷம். அமுக்காமல் விட்டது சரியா என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது. என் காதுக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ட்ரம் போனால் நஷ்டம் அவர்களுக்குத்தான், எனக்கில்லையே என்ற நினைப்பும் வந்தது. தூங்கவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் மறுபடி அங்கே போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள். பிட்டிங் ஆட்கள் வந்துவிட்டார்கள். தார்ப்பாயை உருவிவிட்டார்கள். ட்ரம் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஜோதிதான் எடுத்துவந்து வைத்தாள். மழை வந்தால் என்னாவது என்று அதே தார்ப்பாயை ட்ரம் மேல் போட்டாள். முகத்தில் ஜிகினா இல்லை. வேறு பெண் மாதிரி இருந்தாள். டேனியல் சாதாரண பேண்ட் சட்டையில் ஓரமாக நின்றான். பேசவே இல்லை. அவன் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

தறியின் கால் வாசல்படியைத் தாண்டும்போது போன் வந்தது. மேடம்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், சத்தத்தை எடுக்க வேண்டாம். நேத்து எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதையேதான் கேட்டுட்டு இருந்தாங்க. உங்களை எடுத்துக்கறோம். ஒரு சந்தேகம். நடுவுல 'ஆங், போ'னு சொல்றாரே, அவரு யாரு? அவரும் மேடைக்கு வருவாரா?"

ஜோதி தார்ப்பாய் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பாபுவும் டேனியலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே விழுந்தார்கள். பிட்டிங் ஆட்கள் தறியைப் பாதி வாசலில் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள்.

"நைனா, உள்ளயா வெளியவா? கை வலிக்குது" என்றார் ஒருவர்.

நைனா கொட்டகையைப் பார்த்தார். ட்ரம்மைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"நான் படுக்கிற ரூம்ல போடு."

"நீ எங்க படுப்பே நைனா?" என்று கேட்டாள் மகள்.

"தறி ரெண்டுக்கும் நடுவுல. எனக்கும் அந்தச் சத்தம் இல்லைன்னா தூக்கம் வராது."

அந்த மூன்றாவது தறி வந்த பிறகு அவர்கள் பாட்டு இன்னும் வேகமாகிவிட்டது. பிறகு வந்த பாட்டுகளை நீங்களே கேட்டிருப்பீர்கள். இப்போது எங்கெங்கோ பிள்ளைகள் சம்கி தைத்துக்கொண்டு கத்துகிறார்கள். பாதிப் பேர் பாட்டை நடுவில் நிறுத்துகிறார்கள். சிலதில் நன்றாக இருக்கிறது. சிலதில் சும்மா நிற்கிறது. எடுக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இங்கே எது அறுந்தது? தெரியவில்லை என்றால் நிறுத்தாதே.

சென்னை மேடையைச் சொல்லி முடிக்கிறேன்.

மேடையில் தறி கிடையாது. அதனால் கொட்டகைத் தறியின் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்து கொண்டுபோய், நான் மிக்சரில் இருந்து அவர்கள் காதுக்கு மட்டும் ஓட்டினேன். முதல் பதிவில் நூல் அறுந்து நின்ற அதே இடத்தில், அதே அளவு நேரம் அதிலும் தறி நிற்கும். நைனாவுக்கு என் பக்கத்தில் நாற்காலி, ஒரு மைக், ஒரு ஹெட்போன். தறி மறுபடி கிளம்பும்போது கத்த வேண்டும். சம்கி எல்லாம் எனக்கு வேண்டாம் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அரங்கில் விளக்கு அணைந்ததும் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டார். ரெண்டு கரையிலும் சம்கி.

கூட்டம் நிறைய. மாதிரிக்கு நாங்கள் அனுப்பிய பாட்டை அரங்குக்காரர்கள் முன்பே டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் அனுப்பிவிட்டிருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது.

பஸ் ஓடியது. டேனியல் அதன் பின்னால் ஓடினான். தறி நின்றது. குச்சி அந்தரத்தில் நின்றது. நைனா மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மொத்த அரங்கும் ஒரே குரலில் கத்தியது.

"ஆங்... போ!"

மூன்று பேரும் விழுந்தார்கள். ஒரே அடி. தறியும் சரியாக அப்போதுதான் கிளம்பியது.

நைனா திறந்த வாயோடு என் பக்கம் திரும்பினார். ஹெட்போனைக் கழற்றினார். "இன்னாங்க இது? தறிச் சத்தம் நமக்குத்தானே கேக்குது? இவங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது?"

"கேட்டுக்கினே இருந்திருக்காங்க நைனா" என்றேன்.

என் கை ரெண்டும் மடியில்தான் இருந்தது.